பல்லைப் பிடுங்கணுமா வேண்டாமா: நூறு வருஷத்துச் சண்டை

என் மகளுக்குக் கீழ்வரிசைப் பற்கள் நெருக்கியடித்துக்கொண்டு முளைத்திருக்கின்றன. ஒரு டாக்டர், "நாலு பல்லை எடுத்துட்டு கிளிப் போடலாம்" என்றார். இன்னொருவர், "எடுக்கவே வேணாம், வரிசையை விரிச்சு இடம் பண்ணிடலாம்" என்றார. யார் சொல்வது சரி? தேடப் போனால் இது நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சண்டை.

பல் சீரமைப்பைத் தனித்துறையாக்கிய அமெரிக்கர் எட்வர்ட் ஆங்கிள், ஆரம்பத்தில் பல் எடுப்பதை ஏற்றவர்தான். பிறகு அடியோடு மாறினார். எல்லாப் பற்களையும் வைத்துச் சரியான கடிக்குக் கொண்டுவந்துவிட்டால், சுற்றியுள்ள எலும்பு அதற்கேற்ப வளர்ந்துகொள்ளும் என்பது அவர் நம்பிக்கை. கால்வின் கேஸ் என்பவர், சிலருக்கு எடுத்துத்தான் ஆகணும் என்றார். 1911ல் அவருக்கும் ஆங்கிளின் மாணவர் மார்ட்டின் டூயிக்கும் நடந்த விவாதம் பிரசித்தம். ஆனாலும் ஆங்கிள் கட்சியின் கைதான் ஓங்கியது.

1930ல் ஆங்கிள் இறந்தார். அவருடைய விசுவாசமான சீடர் சார்லஸ் ட்வீட், அரிசோனாவில் குரு சொன்னபடியே வைத்தியம் பார்த்தார். சில வருஷங்களில் தன் நோயாளிகளையே திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தால், பலருக்குப் பல் மறுபடி கோணியிருந்தது, வாயும் முன்னால் துருத்தியிருந்தது. அவர்களுக்கு நாலு முன்கடைவாய்ப் பற்களை எடுத்துவிட்டு, காசு வாங்காமல் மறுபடி வைத்தியம் செய்தார். 1940ல் அப்படி நூறு கேஸ்களைச் சக டாக்டர்கள் முன் வைத்தார். குருவையே மறுத்த காரியம்! அதன்பின் அமெரிக்காவில் பல் எடுப்பதே வழக்கமானது.

சரி, எடுத்தால் நிலைக்குமா? அதை அளந்து பார்த்தது சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகம். ரிச்சர்ட் ரீடல், ராபர்ட் லிட்டில் குழுவினர், வைத்தியம் முடிந்து பல ஆண்டுகள் ஆனவர்களை வரவழைத்துப் பல் அச்சு எடுத்தார்கள். கீழ் முன்பற்கள் ஆறும் ஒன்றுக்கொன்று எத்தனை மில்லிமீட்டர் விலகியிருக்கின்றன என்று கூட்டிப் பார்ப்பது லிட்டில் 1975ல் வகுத்த அளவுகோல். 1981ல் வந்த முடிவு: பல் எடுத்து வைத்தியம் செய்த 65 பேரில், ரிடெய்னரை விட்டுப் பத்து வருஷம் கழித்து ஒழுங்காக இருந்தவர்கள் 30 சதவீதத்துக்கும் குறைவு.

அப்போ எடுக்காமல் விரித்தவர்கள் ஜெயித்தார்களா? அதுவும் இல்லை. பால் பற்கள் விழுந்துகொண்டிருக்கும் வயதில் கீழ்வரிசையை நீட்டி இடம் பண்ணிய 26 பேரை 1990ல் பார்த்தார்கள். திருப்தியாக இருந்தவர்கள் ஆறே பேர்.

இதே குழு வைத்தியமே செய்யாத ஆட்களையும் அளந்தது. வயது ஏற ஏற அவர்களுக்கும் கீழ்ப்பற்கள் கொஞ்சம் நெருங்கின! அதாவது வைத்தியம் தோற்றது மட்டும் காரணமில்லை, வாய் மாறிக்கொண்டே இருக்கிறது. சாப்ட்வேர் மாதிரிதான், டெலிவரி பண்ணியதோடு வேலை முடியாது.

ஆக, எடுப்பதா வேண்டாமா என்பதை முக அமைப்பும் இடப்பற்றாக்குறையும் பார்த்துத்தான் முடிவு செய்யணும். "இப்படிச் செய்தால் நிரந்தரம்" என்று எந்தப் பக்கம் சொன்னாலும் நம்பாதீர்கள். நான் இரண்டு டாக்டரிடமும் இப்போது ஒரே கேள்விதான் கேட்கப் போகிறேன்: "ரிடெய்னர் எத்தனை வருஷம் சார்?" ஆயுசுக்கும் என்று சொல்பவரிடம்தான் மகளைக் கூட்டிப்போவதாக இருக்கிறேன்.