ஆளில்லா ஊரின் இரண்டு பிரதிநிதிகள்

குடிகளே இல்லாத ஊருக்குப் பிரதிநிதி உண்டோ என்று வினவினால் சிறுவரும் நகைப்பர். ஆயினும், பார்லிமெண்டுகளின் தாய் என்று புகழப்பெறும் பிரிட்டிஷ் பார்லிமெண்டில் அத்தகைய ஊரொன்று நெடுங்காலம் இரண்டு அங்கத்தினரை அமர்த்தி வந்தது. ஓல்டு சாரம் என்பது அதன் பெயர்.

இங்கிலாந்தில் வில்ட்ஷயர் பகுதியிலுள்ள ஒரு மேடு அது. முற்காலத்தில் அங்கே கோட்டையும் தேவாலயமும் இருந்தன. 1220இல் கீழே சமவெளியில் புதிய தேவாலயத்திற்கு அடிக்கல் நாட்டினர். அதனைச் சூழ்ந்து சாலிஸ்பரி நகரம் வளர்ந்தது, மேடு வெறிச்சோடிற்று. ஊர் போயிற்று, அதன் வாக்குரிமை மட்டும் போகவில்லை. காரணம் யாது? அவ்வுரிமை மனிதரைச் சார்ந்ததன்று; குறிப்பிட்ட சில மனைகளைச் சார்ந்தது. மனைகளை வாங்கியவன் தொகுதியையே வாங்கியவனானான்.

அங்ஙனம் வாங்கியவருள் ஒருவர் தமிழ்நாட்டோடு தொடர்புடையவர். 1698 முதல் 1709 வரை சென்னைக் கோட்டையில் கவர்னராயிருந்த தாமஸ் பிட் என்பாரே அவர். கோல்கொண்டாச் சுரங்கத்துப் பெருவைரம் ஒன்றை வாங்கி, 1717இல் பிரெஞ்சு அரசப் பிரதிநிதிக்கு விற்றுப் பெரும்பொருள் ஈட்டியவர். அவருடைய பேரர் வில்லியம் பிட் 1735இல் இத்தொகுதியின் வழியாகவே பார்லிமெண்டு புகுந்தார். பின்னர்ப் பிரதம மந்திரியும் ஆனார். 1802இல் தொகுதி காலிடன் பிரபுவுக்கு விலையாயிற்று.

நிற்க. ஆலைத் தொழிலாளர் நிறைந்த மான்செஸ்டர் நகருக்கோ அக்காலத்தில் தனிப் பிரதிநிதி ஒருவரும் இல்லை. 1819இல் அங்கே சீர்திருத்தம் வேண்டித் திரண்ட மக்கள்மீது குதிரைப்படை பாய்ந்தது, பலர் மாண்டனர். அவர்கள் சிந்திய குருதி வீண்போகவில்லை. 1832இல் சீர்திருத்தச் சட்டம் நிறைவேறிற்று. ஓல்டு சாரம் உள்ளிட்ட 56 தொகுதிகள் அடியோடு ஒழிந்தன. மான்செஸ்டர் இரண்டு இடங்கள் பெற்றது. எனினும், தொழிலாளருட் பெரும்பாலோர்க்கு அப்போதும் வாக்கில்லை. இரகசிய வாக்குமுறை 1872இல்தான் வந்தது. பெண்கள் ஆடவரோடு சமவுரிமை பெற்றது 1928இல்தான்.

அன்பர்களே, தோட்டத்தில் செக்ரோல் எழுதுவது என் தொழில். ஆளில்லாப் பெயரை அதில் எழுதினால் மோசடி என்பர். ஆளிருந்தும் பெயரை எழுதாது விடுவதோ அதனினும் கொடிது. ஓல்டு சாரம் முன்னதற்குச் சான்று. மான்செஸ்டர் பின்னதற்குச் சான்று. மண்ணுக்கு வாக்களித்து, அம்மண்ணில் உழைப்பவனை மறந்த சட்டம் தானே திருந்தவில்லை. மக்கள் கூடிக் கேட்டபிறகே திருந்திற்று. இதனை நாம் மறவாதிருப்போமாக.