கொய்னாவின் ஏழைத் தம்பி

ஊட்டியிலிருந்து கூடலூர் இறங்கும் சாலையில் இருக்கிறது நடுவட்டம். அங்கிருந்த அரசு ஆலையில் ஒரு காலத்தில் கொய்னா என்ற மலேரியா மருந்தோடு இன்னொரு மருந்தும் தயாரானது: சிங்கோனா ஃபெப்ரிஃப்யூஜ். கொய்னாவின் பெயராவது பாட்டிமார் வாயில் மிஞ்சியது. அதன் ஏழைத் தம்பி பெயரோடு போய்விட்டது.

பெயர் லத்தீன். 'ஃபெப்ரிஸ்' என்றால் காய்ச்சல். 'ஃபுகாரே' என்றால் விரட்டுவது. அந்த ஃபெப்ரிஸ்தான் இத்தாலியில் ஃபெப்ரே, ஸ்பெயினில் ஃபியெப்ரே, பிரான்சில் ஃபியெவ்ர், ஜெர்மனியில் ஃபீபர், இங்கிலாந்தில் ஃபீவர். வெள்ளைப் பூ பூக்கும் ஃபீவர்ஃப்யூ என்ற மூலிகைக்கும் இதே பெயர்தான். ஆங்கிலேயர் நாக்கில் தேய்ந்த உருவம். தமிழ் நாக்கில் தேய ஃபெப்ரிஃப்யூஜுக்கு வாய்க்கவில்லை. அரசாங்கக் கோப்பில் முழுசாக இருந்தபடியே செத்தது.

1860இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் பெருவிலிருந்து கொண்டுவந்த, பட்டையில் கொய்னா தரும் சிங்கோனா மரக் கன்றுகள் பெரும்பாலும் பட்டுப்போயின. ரிச்சர்ட் ஸ்ப்ரூஸ் ஈக்வடாரில் திரட்டி அனுப்பிய சிவப்புப் பட்டை வகைதான் பிழைத்தது. ஊட்டி தாவரவியல் பூங்காவின் மெக்ஐவர் அதைத் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் வளர்த்தார். பட்டையை நீளநீள வாராக உரித்து, உரித்த இடத்தைப் பாசியால் மூடிக் கட்டினார்கள். பாசிக்கடியில் புதுப்பட்டை வளரும். மரம் சாகாது, மறுபடி உரிக்கலாம். நடுவட்டத் தோட்ட வேலையில் கடல் கடந்து கொண்டுவரப்பட்ட சீனக் கைதிகளும் இருந்தார்கள். அவர்கள் உழைப்பும் அந்த மருந்தில் சேர்ந்திருக்கிறது.

சிவப்புப் பட்டையில் கொய்னாவைவிட அதன் கூட்டாளிச் சத்துகளே அதிகம். கொய்னாவைத் தனியே பிரிக்கச் செலவாகும். 1866இல் சென்னை மாகாணத்தில் அமைத்த குழு, கொய்னாவையும் அதன் கூட்டாளிகள் மூன்றையும் தனித்தனியாகக் காய்ச்சல்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்தது. மற்ற மூன்றுக்கும் காய்ச்சல் ஏறத்தாழ அதே அளவு கேட்டது. பிறகென்ன, பிரிக்காமல் சேர்த்தே எடுத்தால் விலை குறையும். அந்தக் கலவைதான் ஃபெப்ரிஃப்யூஜ். கசக்கும், குமட்டும். ஆனால் கொய்னா வாங்க வழியில்லாதவர்களுக்கும் எட்டியது. மலேரியா வரலாற்றில் கொய்னாவுக்கு அத்தியாயமும் இதற்கு அடிக்குறிப்பும் தருவது அநியாயம் என்றே நினைக்கிறேன்.

ஜாவாவில் டச்சுக்காரர்கள் வளர்த்த, கொய்னாச் சத்து மிகுந்த மரம் உலகச் சந்தையைப் பிடித்தது. 1942இல் ஜாவா ஜப்பானிடம் விழுந்தபோது இந்தியப் பட்டைக்கு மறுபடி மவுசு வந்தது. அது போர்க்காலத்து மவுசுதான். போருக்குப் பின் குளோரோகுயின் வந்தது. ஃபெப்ரிஃப்யூஜைவிடச் சுலபமாக விழுங்க முடிந்த மாத்திரை. குமட்டும் கலவையை யார் கேட்பார்கள்? நடுவட்டத்துச் சரிவுகளில் சிங்கோனா நின்ற இடங்களைத் தேயிலை எடுத்துக்கொண்டது.