திருவள்ளூர் கையில் எழும்பிய தடிப்பு

திருவள்ளூர்னா நமக்கு வீரராகவர் கோயில், கும்மிடிப்பூண்டின்னா சிப்காட். ஆனா உலகத்துல டிபி பத்தி படிக்கிறவங்களுக்கு திருவள்ளூர் பக்கத்தை வேற ஒரு காரணத்துக்காகத் தெரியும். அந்தக் கதைதான் இன்னிக்கு.

வருஷம் 1968. திருவள்ளூர் அப்போ செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. பிசிஜி தடுப்பூசி பிரிட்டனில் நல்லா வேலை செய்தது, அமெரிக்காவின் தென்பகுதியில் ஏறக்குறைய பலனே இல்லை. எது உண்மை? முடிவு கட்ட இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து இந்த கிராமங்களைத் தேர்ந்தெடுத்தன. சோதனைப் பகுதியில் சுமார் 3,60,000 பேர். சிலருக்கு பிசிஜி, சிலருக்கு மருந்தில்லாத ஊசி. இரண்டரை வருஷத்துக்கு ஒருமுறை எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை.

1979-ல் முதல் முடிவு வந்தது. பெரியவர்களின் நுரையீரல் டிபிக்கு பாதுகாப்பு: பூஜ்யம்! 15 வருஷம் தொடர்ந்து பார்த்தும் அதேதான்.

இதுல குழப்பம் என்னன்னா, தடுப்பூசி போட்டவங்களுக்கு மேண்டூ டெஸ்ட் செய்தால் கையில் தடிப்பு நல்லாவே எழும்பியது. உடம்பு கிருமியை அடையாளம் கண்டுகிட்டது. அப்புறம் ஏன் காப்பாத்தலை?

இங்கேதான் கீமோகைன் வருது. ரத்தத்தில் சுற்றும் வெள்ளை அணுக்களை 'இங்கே வா' என்று கூப்பிடும் குட்டிப் புரதங்கள் இவை. 1985-ல் ஐபி-10 என்ற ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். இன்டர்ஃபெரான் காமா வந்து தட்டினால் செல்கள் இதைச் சுரக்கும். டி அணுக்கள் வாசம் பிடிச்ச மாதிரி ஓடி வரும். 1987-ல் மேண்டூ போட்ட தோலிலேயே ஐபி-10 இருப்பதைக் காட்டினார்கள். ஆக, அந்தத் தடிப்பு என்பது கூப்பிட்ட குரலுக்கு ஆள் வந்து சேர்ந்ததற்கான அடையாளம். அவ்வளவுதான். வந்த ஆள் நுரையீரலில் கிருமியை மடக்குவாரா என்பது தனிக் கேள்வி.

நம்ம மண்ணிலும் தண்ணியிலும் உள்ள டிபியின் தூரத்து உறவுக் கிருமிகள் ஏற்கெனவே உடம்பைப் பழக்கிவிட்டதால் பிசிஜி புதிதாக எதையும் சேர்க்கவில்லை என்பது பலரும் சொல்லும் விளக்கம்.

அதுக்காக குழந்தைக்கு பிசிஜி போடாம விட்றாதீங்க மக்களே. மூளைக்காய்ச்சல் மாதிரியான கொடிய டிபியிலிருந்து அது குழந்தைகளைக் காக்குது.

அந்த சோதனையை 'தோல்வி' என்று எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தடிப்பைப் பார்த்து பாதுகாப்புன்னு நம்பக்கூடாதுங்கிற பாடத்துக்கு கையை நீட்டினவங்க நம்ம ஊர் ஜனங்க.