இனிப்பு நீரும் இதயத் தசையும்



இனிப்பு நீர் என்று நாம் வழங்கும் நீரிழிவு நோய் காலையும் கண்ணையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்பது தோட்டத்தில் பலருக்கும் தெரிந்த செய்திதான். இதயத்துக்குப் போகும் இரத்தக் குழாயை அது அடைக்கும் என்பதையும் கேட்டிருப்போம். ஆனால், குழாயில் அடைப்பே இல்லாதபோதும் இதயத்தின் தசையையே அது உள்ளூரக் கெடுக்கிறது என்பதை மருத்துவ உலகம் மிகவும் காலந்தாழ்த்தித்தான் கண்டுகொண்டது. அந்தத் தாமதத்தின் கதையைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

இதயத் தசை கெடுவதற்கு ஆண்டுகள் பல ஆகும். நோயாளி அதுவரை உயிரோடு இருக்க வேண்டுமல்லவா? இன்சுலின் வருவதற்கு முன், இந்நோய் கண்ட சிறுவர்கள் ஓரிரண்டு ஆண்டுகளிலேயே மெலிந்து மாண்டார்கள். 1922 ஜனவரி 11-ஆம் நாள், கனடாவிலுள்ள டொராண்டோ நகரில், லெனர்ட் தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு முதல் இன்சுலின் ஊசி போடப்பட்டது. மருந்தில் கசடு இருந்ததால் அது சரிவரப் பலிக்கவில்லை. காலிப் என்னும் வேதியியல் அறிஞர் இரவு பகலாக உழைத்து அதைத் தூய்மைப்படுத்தினார். 23-ஆம் நாள் மறுபடியும் ஊசி போட்டார்கள், சர்க்கரை இறங்கியது. மறு ஆண்டே பான்டிங், மெக்லியாட் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. உடனுழைத்த பெஸ்டும் காலிப்பும் விடுபட்டுப் போனது நமக்கு நியாயமாகப் படவில்லை. அது நிற்க.

இன்சுலினால் நோயாளிகள் இருபது, முப்பது ஆண்டுகள் வாழத் தொடங்கினார்கள். அப்போதுதான் நாள்பட்ட கேடுகள் தலைகாட்டின. 1972-இல் அமெரிக்காவில் ரூப்ளர் என்னும் மருத்துவரும் அவருடன் பணியாற்றியவர்களும் நான்கே நான்கு நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டனர். நால்வருக்கும் நீரிழிவு, நால்வரும் இதயம் செயலிழந்து இறந்தவர்கள். பிணப் பரிசோதனையில் பார்த்தால், அந்த இறப்புக்குக் காரணம் என்று சொல்லத்தக்க அடைப்பு இரத்தக் குழாய்களில் இல்லை. தசைதான் பெருத்து, நார் பாய்ந்து கிடந்தது.

நான்கு பேரை வைத்து என்ன முடிவு செய்வது என்று யாரும் கேட்கலாம். அதற்கு இரண்டே ஆண்டில் விடை வந்தது. ஃபிரமிங்காம் என்னும் அமெரிக்கச் சிற்றூரில் 1948 முதல் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண் பெண்களை மருத்துவர்கள் தொடர்ந்து கவனித்து வந்தார்கள். நீரிழிவு உள்ள ஆண்களுக்கு இதயம் செயலிழக்கும் ஆபத்து மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல், பெண்களுக்கோ ஏறக்குறைய ஐந்து மடங்கு என்று 1974-இல் அறிவித்தார்கள். வீட்டிலுள்ள தாய்மார்கள் இந்த ஐந்தை மறந்துவிட வேண்டாம்.

சரி, தசை எப்படிக் கெடுகிறது? முன்பெல்லாம் சைக்கிளில் ரொட்டி விற்க வருபவர் அமுக்கும் ஊதலை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் ரப்பர் குமிழை அமுக்கினால் காற்று வெளியேறும்; விட்டால் விரிந்து மீண்டும் காற்றை இழுத்துக்கொள்ளும். ரப்பர் பழசாகி விறைத்துவிட்டால், அமுக்க முடியும். ஆனால் அது விரிய நேரமாகும். இதயமும் அப்படித்தான். நீரிழிவில் தசைக்குச் சர்க்கரையைச் சரியாகப் பயன்படுத்த முடிவதில்லை. கொழுப்பையே மிகுதியாக எரிக்கிறது. தசையிடையே நார் படிகிறது. சுருங்கும் வலிமை நெடுநாள் குறையாமலே இருக்கும். தளர்ந்து விரிவதுதான் முதலில் கெடும். இரத்தம் உள்ளே நிறையச் சிரமப்படுவதால் நுரையீரலில் அழுத்தம் ஏறுகிறது. மேட்டில் ஏறினால் மூச்சு வாங்குவது, தலையணையை உயர்த்தி வைத்தால்தான் தூக்கம் வருவது, மாலையில் கால் வீங்குவது எல்லாம் பிறகு வரும். "வயசாச்சு, அதான்" என்று சொல்லிவிடாமல், மருத்துவரிடம் இவற்றைச் சொல்லி, இனிப்பு நீர் இருப்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்தத் தளர்ச்சிக் குறையை உயிரோடிருப்பவரிடம் காண வழி செய்தவர்கள் சுவீடன் நாட்டு எட்லர், ஹெர்ட்ஸ் என்னும் இருவர். இரும்பில் விரிசல் உண்டா என்று ஒலியலையால் சோதிக்கும் கருவியை இரவல் வாங்கி, 1953-இல் இதயத்தின் அசைவைப் பதிவு செய்தார்கள். அதன் வழிவந்த கருவிகள், நோயாளிக்கு எந்தத் தொல்லையும் தெரியாத காலத்திலேயே குறையைக் காட்டுகின்றன.

மருந்தின் கதையும் விந்தையானது. புதிய நீரிழிவு மருந்துகள் இதயத்தைக் கெடுக்காதவை என்று மெய்ப்பிக்க வேண்டும் என 2008-இல் அமெரிக்க அரசின் மருந்துத் துறை கேட்டது. அப்படிச் சோதிக்கப்பட்டவற்றில் ஒன்று எம்பாகிளிஃபுளோசின். தீங்கு உண்டா என்று தேடப் போனவர்கள் 2015-இல் கண்டதோ வேறு: இதயம் செயலிழந்து மருத்துவமனையில் சேர்வது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. எல்லாருக்கும் ஏற்ற மருந்தன்று. யாருக்கு என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். மரப்பட்டையோடு பழகியவர்களுக்கு இன்னொரு செய்தியும் உண்டு. இந்த வகை மருந்துகளுக்கு மூதாதை, 1835-இல் ஆப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து பிரித்தெடுத்த ஒரு கசப்புப் பொருள்.