ஆர்மீனியாவின் எல்லையூர்களும் அறக்கொடையும்

கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் இடைப்பட்ட மலைநாட்டில், கடற்கரை ஒரு சாணும் இல்லாது அமைந்துள்ள சிறு நாடு ஆர்மீனியா. அதன் பரப்பு ஏறத்தாழ 29,700 சதுரக் கிலோமீட்டர். மக்கள் தொகை 30 இலட்சம் அளவினது. வடக்கே ஜார்ஜியா, தெற்கே ஈரான், கிழக்கே அசர்பைஜான், மேற்கே துருக்கி. இவற்றுள் பின்னிரண்டு நாடுகளோடும் உள்ள எல்லைகள் 1990களின் தொடக்கத்தில் அடைக்கப்பட்டன. நிலமோ நடுக்கத்திற்கு இலக்கானது. ஆகவே, எல்லைப்புறத்து ஆர்மீனியனுக்கு இடர் மண்ணின் அடியிலிருந்தும் வரக்கூடும். மலைமுகட்டுக்கு அப்பாலிருந்தும் வரக்கூடும். இவ்விருவகை இடர்களையும் தாங்கி நிற்க அம்மக்களுக்கு உலகத்தாரும், உலகெங்கும் சிதறிய அவர்தம் இனத்தாரும் செய்த அறப்பணிகளின் வரலாறு நூறாண்டைக் கடந்தது. அதன் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு பள்ளிக்கூடம் குறுக்கிடுவதால், ஆசிரியர்களாகிய நாம் அதனை அறிந்துகொள்வது தகும்.

ஆர்மீனியர் நமக்கு முற்றிலும் அயலாரும் அல்லர். சிங்கப்பூரில் 1835இல் எழுந்த ஆர்மீனியத் தேவாலயத்தையும், பினாங்கில் அவர்கள் பெயரால் வழங்கும் தெருவையும் நம்மில் பலர் கண்டிருப்போம். 1981இல் சிங்கப்பூரின் தேசிய மலராக அறிவிக்கப்பெற்ற ஆர்க்கிட் மலர், ஆக்னஸ் ஜோக்கிம் என்னும் ஆர்மீனிய மாதின் பெயரைத் தாங்கியது. ஆர்மீனிய மொழியின் முதல் இதழாகிய 'அஸ்தரார்' 1794இல் அச்சேறியது நம் சென்னையிலேதான்.

இனி, வரலாற்றுக்கு வருவோம். 1915ஆம் ஆண்டில் ஓட்டோமன் பேரரசு தன் ஆட்சிக்குட்பட்ட ஆர்மீனியரைக் கொன்றும், சிரியப் பாலைநிலத்தை நோக்கித் துரத்தியும் அழிக்கலாயிற்று. கான்ஸ்டாண்டிநோபிளில் அமெரிக்கத் தூதராக இருந்த ஹென்றி மார்கெந்தோ இக்கொடுமையைத் தம் நாட்டுக்குத் தந்தி வழியே தெரிவித்தார். அதன் விளைவாக அமெரிக்காவில் ஒரு நிவாரணக் குழு தோன்றிற்று. 1919இல் அமெரிக்கக் காங்கிரஸ் அதற்குச் சட்டநிலை அளித்தபோது, அது 'நியர் ஈஸ்ட் ரிலீஃப்' என்னும் பெயர் பெற்றது. 1930 வரை அந்நிறுவனம் ஈட்டி வழங்கிய உதவியின் மதிப்பு ஏறத்தாழ 11.6 கோடி டாலர். அஃது ஏற்றுப் பேணிய ஆதரவற்ற குழந்தைகள் 1,30,000க்கும் மேற்பட்டோர். இவ்வளவு பெருந்தொகை செல்வரிடமிருந்து மட்டும் திரண்டதன்று. டிசம்பர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆதரவில்லத்துக் குழந்தைகள் உண்ணும் எளிய உணவையே தாமும் உண்டு, மிச்சப்பட்ட பணத்தை அனுப்புமாறு குடும்பங்களை அக்குழு வேண்டிக்கொண்டது. கொடுப்பவனும் பசியை ஒருவேளையேனும் உணர வேண்டும் என்று வகுத்த அவ்வேற்பாடு எனக்கு மிகவும் பிடித்தமானது.

அக்குழந்தைகளுள் பெருந்தொகையினர் வளர்ந்த இடம் அலெக்சாந்திரபோல். துருக்கிய எல்லையை ஒட்டிய நகரம் அது. 1924 முதல் லெனினாக்கான் என்றும், சோவியத் ஆட்சியின் இறுதிக்குப் பின் கியும்ரி என்றும் வழங்குவது. ரஷ்யப் படையினர் விட்டுச் சென்ற பாசறைகளில் ஒரே காலத்தில் 20,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் தங்கியிருந்தனர். வானத்திலிருந்து பார்த்தால் அமெரிக்காவுக்கு நன்றி என்று எழுத்துகள் தோன்றுமாறு அப்பிள்ளைகளை நிறுத்தி எடுத்த நிழற்படம் இன்றும் காணக் கிடைக்கின்றது. உணவும் உடையும் கொடுத்ததோடு அந்நிறுவனம் அமையவில்லை. எழுத்தறிவோடு தச்சு, தையல், நெசவு முதலான தொழில்களையும் பயிற்றுவித்தது. 1926 அக்டோபர் 22ஆம் நாள் அந்நகரை நிலநடுக்கம் தாக்கியபோது நூற்றுக்கணக்கானோர் மாண்டனர், வீடிழந்தோர் பல்லாயிரவர். பிள்ளைகளும் கூடாரங்களில் தங்க நேர்ந்தது. அந்நிலத்தின் இயல்பை அன்றே அனைவரும் அறிந்திருந்தனர் என்பது இதனால் தெளிவு.

அறிந்திருந்தும் மறந்ததன் விலை 62 ஆண்டுகளுக்குப் பின்னர் செலுத்தப்பட்டது. 1988 டிசம்பர் 7, புதன்கிழமை, முற்பகல் மணி 11.41. பிள்ளைகள் வகுப்பறைகளில் இருந்த நேரம். ரிக்டர் அளவில் 6.8 என மதிப்பிடப்பட்ட நடுக்கம் வடக்கு ஆர்மீனியாவைக் குலுக்கிற்று. நான்கு மணித்துளிகளில் மற்றுமொரு வலிய அதிர்வு தொடர்ந்தது. ஸ்பித்தாக் என்னும் ஊர் முற்றும் அழிந்தது. லெனினாக்கானின் பெரும்பகுதி சரிந்தது. இறந்தவர் குறைந்த அளவு 25,000 பேர். வீடிழந்தோர் ஏறத்தாழ 5 இலட்சம். கடுங்குளிர் வேறு. மருத்துவமனைகளும் இடிந்தமையால், காயமுற்றோரைக் காக்க வேண்டிய மருத்துவர்களே இடிபாட்டினுள் கிடந்தனர்.

இங்குச் சற்று நின்று ஆராய்தல் வேண்டும். லெனினாக்கானில் ஒன்பது மாடிக் கட்டடங்கள் இருவகையாகக் கட்டப்பட்டிருந்தன. தூண்களையும் உத்தரங்களையும் தொழிற்சாலையில் வார்த்துக் கொணர்ந்து பொருத்திய சட்டக வகைக் கட்டடங்களுள் பெரும்பாலானவை வீழ்ந்தன. பெரிய சுவர்ப் பலகைகளை இணைத்துக் கட்டியவையோ சிறு சேதத்தோடு நின்றன. முன்னவற்றில் பற்றவைத்த இணைப்புகள் நலிந்தவை. தளப் பலகைகள் ஒன்றோடொன்று பிணைக்கப்படாதவை. பின்னவற்றில் பல சுவர்கள் சுமையைப் பகிர்ந்துகொண்டன. மேலும், அந்நகர் பழைய ஏரிப்படிவின் மேல் அமர்ந்திருந்தமையால் அதிர்வு மிகுந்தது. அப்பகுதியில் எவ்வளவு வலிய நடுக்கம் வரக்கூடும் என்று வரைந்த அரசாங்க வரைபடமும் உண்மையைக் குறைத்தே காட்டிற்று. ஆக, பிள்ளைகளைக் கொன்றது இயற்கை மட்டுமன்று; கணக்குப் பிழையும் கைவேலைக் குறையும் சேர்ந்தே கொன்றன. வெறும் விதியின் விளையாட்டு என்று இதனை மாணவர்க்குக் கற்பிப்பது தவறு.

சோவியத் தலைவர் கோர்பச்சோவ் அன்று நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் மன்றத்தில் உரையாற்றியிருந்தார். பயணத்தைப் பாதியில் முடித்துக்கொண்டு நாடு திரும்பினார். பல்லாண்டுகளாக அயலார் உதவியை நாடாதிருந்த அவ்வல்லரசு தன் கதவைத் திறந்தது. 100க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து உதவி வந்தது. டிசம்பர் 11ஆம் நாள் மீட்புப் பணிக்கு ஆட்களை ஏற்றி வந்த சோவியத் வானூர்தி ஒன்று லெனினாக்கான் அருகே விழுந்து 70க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்கள் அசர்பைஜானிலிருந்து புறப்பட்டு வந்தவர்கள். கராபாக் மலைப்பகுதி பற்றி அவ்விரு மக்களிடையே பகை மூண்டிருந்த அதே ஆண்டில் இது நிகழ்ந்தது. பின்னாளைய போர்களைப் பற்றிப் படிக்கும் மாணவன் இந்நிகழ்ச்சியையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

அள்ளிக் கொடுத்த கைகள் பல. பாரிஸில் பிறந்த ஆர்மீனியப் பாடகர் சார்ல்ஸ் அஸ்னவூர், பிரெஞ்சுப் பாடகர் பலரை ஒன்றுசேர்த்து 1989இல் ஓர் இசைத்தட்டு வெளியிட்டு அதன் வருவாயைத் தாய்நாட்டுக்கு அளித்தார். பிரிட்டன் லெனினாக்கானில் ஒரு பள்ளி கட்டித் தந்தது. 1990 சூன் மாதத்தில் பிரதமர் மார்கரெட் தாட்சர் நேரில் வந்து திறந்துவைத்த அப்பள்ளிக்குக் கவிஞர் பைரன் பெயர் இடப்பட்டது. வெனிஸ் நகரத்து ஆர்மீனியத் துறவியர் மடத்தில் 1816இல் அம்மொழியைக் கற்றவர் பைரன் என்பதால் அப்பெயர் மிகப் பொருத்தமே. நார்வே நாட்டார் ஸ்பித்தாக்கில் மருத்துவமனை அமைத்து, முன்னர் ஆர்மீனிய அகதிகளுக்காக உழைத்த நான்சன் பெயரைச் சூட்டினர்.

ஆயினும், குறையொன்று உண்டு. இரண்டே ஆண்டுகளில் நகரங்களை மீண்டும் எழுப்புவதாகச் சோவியத் அரசு உறுதி கூறிற்று. 1991இல் அவ்வரசே இல்லாது போயிற்று. பாரந்தூக்கிகள் பாதியில் நின்றன. தற்காலிகத் தங்குமிடமாக வந்த சரக்குப் பெட்டகங்களும் இரயில் பெட்டிகளும் 'தோமிக்' என்னும் பெயரோடு நிலையான வீடுகளாகிவிட்டன. அழிவின் 30ஆம் ஆண்டு நினைவு நாள் 2018இல் வந்தபோதும் கியும்ரியில் பல குடும்பங்கள் அப்பெட்டிகளில்தான் குடியிருந்தன. திடுக்கிட்ட நெஞ்சம் ஒரு திங்கள் கொடுக்கும். அடுத்த திங்கள் வேறொரு நாட்டுத் துயரை நோக்கித் திரும்பிவிடும். இக்குணத்தைக் குறைகூறிப் பயனில்லை. ஆனால், அறநிறுவனம் நடத்துவோர் இதனைக் கணக்கில் கொள்ளாவிடின், கொடுத்த பொருளே மக்களைத் தகரப் பெட்டிக்குள் நிறுத்திவிடும்.

நிலநடுக்கத்தின் அடியிலிருந்து எழுமுன்னரே போர் வந்தது. 1994 வரை நீண்ட முதல் கராபாக் போரின்போது எல்லைகள் அடைபட்டன. நிலநடுக்க அச்சத்தால் 1989இல் மூடப்பட்ட மெட்சமோர் அணுமின் நிலையம் 1995இல்தான் மீண்டும் இயங்கிற்று. இடைப்பட்ட குளிர்காலங்களில் மக்கள் மரங்களை வெட்டி எரித்தனர்; பள்ளிகள் குளிரால் மூடிக் கிடந்தன. போர் நின்றபின்னும் வடகிழக்கே தாவூஷ் மாநிலத்து எல்லையூர்களில் அமைதி இல்லை. சினாரி, மோவ்செஸ், ஐகேபார் போன்ற சிற்றூர்களில் எதிரெதிர்க் காவல்நிலைகள் ஊரையே நோக்கி நின்றன. எல்லையை ஒட்டிய வயல்களில் கால்வைப்பதே ஆபத்து. குண்டு பாயும் திசையில் வகுப்பறைச் சன்னல் இருந்தால், அவ்வகுப்பின் ஆசிரியர் பாடக்குறிப்பில் எதை எழுதுவார்?

அவ்விடத்தில்தான் இடர் வருமுன் காக்கும் அறப்பணி உருப்பெற்றது. அனைத்துலகச் செஞ்சிலுவைக் குழு 1992 முதல் ஆர்மீனியாவில் பணியாற்றி வருகிறது. அக்குழு எல்லையூர்ப் பள்ளிகளிலும் பாலர் பள்ளிகளிலும் பாதுகாப்பறைகளை அமைக்க உதவியது. எல்லையின் மறுபுறம் அசர்பைஜான் சிற்றூர்களிலும் பள்ளிகளைக் காக்கும் பணியை அதே குழு மேற்கொண்டது. பிள்ளைகளுக்குப் பக்கம் ஏது? அமெரிக்க ஆர்மீனியர் நடத்தும் பரோஸ் அறநிறுவனம் போன்றவை, தாவூஷில் சோவியத் காலத்துப் பள்ளிகளின் நிலவறைகளைச் சீர்செய்து புகலிடமாக்கும் வேலையில் இறங்கின. அந்நிலவறைகள் பல்லாண்டு கேட்பாரற்றுக் கிடந்தவை. கூரையை வலுப்படுத்துவது பெரிய வேலையன்று. நீர்க்கசிவைத் தடுத்தல், காற்றோட்டம், விளக்கு, கழிப்பிடம், இரண்டாவது வாயில் ஆகியவையே ஒரு நிலவறையை நூறு பிள்ளைகள் பல மணி நேரம் இருக்கக்கூடிய இடமாக்குகின்றன. பள்ளி நடத்தியவர்க்கு இது சொல்லாமலே விளங்கும். ஐந்து வயதுப் பிள்ளை இருட்டறைக்கு அஞ்சி வெளியே ஓடிவிட்டால் எவ்வளவு தடித்த சுவரும் பயன்படாது.

கட்டியபின் யார் பேணுவது? இவ்வினாவுக்கு விடையாக ஓர் ஆர்மீனியர் நமக்கு அறிமுகமானவரே. அடையாற்றின் குறுக்கே 1726இல் தம் சொந்தப் பொருளால் பாலம் கட்டிய கோஜா பெத்ரூஸ் உஸ்கான், கட்டியதோடு நில்லாது அதனைப் பேணுவதற்கும் பொருள் ஒதுக்கி வைத்தார். அப்பாலம் இருந்த இடத்தில் எழுந்ததே இன்றைய மறைமலையடிகள் பாலம். திறப்பு விழாவுக்குப் பணம் கொடுப்போர் மிகப் பலர். பத்தாண்டு கழித்துப் பழுதாகும் நீரேற்றிக்குக் கொடுப்போரை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

புகலிடம் மட்டும் ஊரைக் காக்காது. பிழைப்பு இல்லையேல் இளைஞர் எரெவானுக்கோ ரஷ்யாவுக்கோ பெயர்ந்துவிடுவர். பின்னர் நிலவறையில் ஒதுங்கவும் ஆள் இராது. இதனை உணர்ந்தே, 1992இல் தோற்றுவிக்கப்பெற்ற 'ஹயஸ்தான்' அனைத்து ஆர்மீனிய நிதியம், சாலைகளையும் பள்ளிகளையும் கட்டியதோடு, தாவூஷ் சிற்றூர்களில் சொட்டுநீர்ப் பாசனத் தோட்டங்களையும் சூரிய வெப்பக் கருவிகளையும் ஏற்படுத்த முனைந்தது. ஆயினும், அந்நிதியமே ஒரு சோதனைக்கு உள்ளாயிற்று. 2020 செப்டம்பர் 27 முதல் 44 நாள் நீடித்த போரின்போது உலக ஆர்மீனியர் வாரி வழங்கிய தொகையில் 10 கோடி டாலருக்கு மேற்பட்டது அரசாங்கத்திற்கு மாற்றப்பட்டது. தாங்கள் ஓர் அறநிதிக்கு அளித்த பொருள் அரசுக் கருவூலத்திற்குச் சென்றதேன் என்று கொடையாளர் பலர் வினவினர். வினவியது முறையே. அரசுக்கும் அந்நேரத்தில் தேவை இருந்தது என்பது உண்மையாயினும், கொடுத்தவனைக் கேளாது கொடையின் திசையை மாற்றினால் மறுமுறை அவன் கை நீளாது.

அந்த மறுமுறை விரைவிலேயே வந்தது. 2022 செப்டம்பரில் ஜெர்முக், சோத்க் முதலிய இடங்கள் தாக்கப்பட்டு ஆயிரக்கணக்கானோர் வீடுகளை விட்டு அகன்றனர். மறு ஆண்டு அதே மாதத்தில் கராபாக்கிலிருந்து 1,00,000க்கும் மேற்பட்ட மக்கள் ஒரு வாரத்திற்குள் வெளியேறி, 20,000 பேரளவே வாழும் கோரிஸ் நகரின் வழியே வந்து சேர்ந்தனர். அங்கே அவர்களை எதிர்கொண்டவர்களுள் ஆர்மீனியச் செஞ்சிலுவைச் சங்கத்துத் தொண்டர்கள் முன்நின்றனர். 1920இல் தோன்றிய அச்சங்கம் முதலுதவியும் இடர்க்கால ஒழுங்கும் மக்களுக்குப் பயிற்றுவித்து வந்தது. அவ்வாறு முன்னரே பழகிய கைகளுக்கும் அன்றைக்குப் புதிதாய் வந்த கைகளுக்கும் வேறுபாடு மிகுதி.

2024 மே மாத இறுதியில் தெபெத், அக்ஸ்தெவ் ஆறுகள் பெருக்கெடுத்து லோரி, தாவூஷ் மாநிலங்களில் பாலங்களை அடித்துச் சென்றன. ஜார்ஜியாவுக்குச் செல்லும் இரயில் பாதையும் அறுந்தது. வெடிகுண்டுக்குப் புகலிடமாகும் நிலவறை வெள்ளத்திற்கு ஆகாது. ஒரே ஊரில் மூவகை இடருக்கு மூவகை ஒழுங்கு வேண்டியிருக்கிறது. அதே மே மாதத்தில்தான் தாவூஷில் எல்லையை வரையறுக்கும் பணியின் முதற்பகுதி முடிந்து, கிராந்த்ஸ் என்னும் ஊரின் ஓரத்திலேயே புதிய எல்லைக்கோடு அமைந்தது. 2025 ஆகஸ்ட் 8ஆம் நாள் வாஷிங்டனில் இரு நாட்டு அயலுறவு அமைச்சர்களும் அமைதி உடன்படிக்கையின் வாசகத்தில் சுருக்கொப்பம் இட்டனர். பள்ளிக் கட்டடங்களை நிலநடுக்கம் தாங்குமாறு வலுப்படுத்த ஆசிய வளர்ச்சி வங்கி 2015இல் கடனுதவி வழங்கிய திட்டத்தில் இடம்பெற்றவை 46 பள்ளிகளே. நாட்டில் உள்ள அரசுப் பள்ளிகளோ ஏறத்தாழ 1,400.