வேலூர்க் கோட்டையும் லண்டன் காகிதங்களும்



போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் ஒரு சண்டை நடந்தது, பார்த்திருப்பீர்கள். "1806 வேலூர்ப் புரட்சி மிஷனரிகளின் மதமாற்றத்தை எதிர்த்து வெடித்தது" என்று ஒருவன் பார்வர்ட் போட்டான். "மிஷனரிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, எல்லாம் திப்பு மகன்கள் வேலை" என்று இன்னொருவன் பதில் போட்டான். இருவருமே என் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். இருவரும் "ஆதாரம் இருக்கு சார்" என்கிறார்கள். இருக்கிறதுதான். இதே ஆதாரங்களை வைத்துக்கொண்டு 1807-லேயே லண்டனில் இரண்டு கட்சிகள் மோதிவிட்டன. அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், சாவகாசமாகப் படியுங்கள்.

நடந்தது உங்களுக்குப் பாடமாகத் தெரியும். 1805 நவம்பரில் சென்னை ராணுவத்துக்குப் புது உத்தரவு. நெற்றியில் விபூதி, நாமம் கூடாது, கடுக்கன் கூடாது, தாடி கூடாது, தோல் வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும். மே மாதம் வேலூரில் மறுத்தவர்களுக்குக் கசையடி. 1806 ஜூலை 10 விடியுமுன் கோட்டைக்குள் துப்பாக்கி வெடித்தது. கோட்டைத் தளபதி பேன்கோர்ட் உட்பட நூற்றுக்கு மேற்பட்ட வெள்ளையர் இறந்தார்கள். காலையில் ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்தார். பிறகு செத்தவர்கள் சிப்பாய்கள். அந்த எண்ணிக்கை மட்டும் புத்தகத்துக்குப் புத்தகம் மாறும். 350 என்பார்கள், 800 என்பாரும் உண்டு. வெள்ளையர் பக்கம் பெயரோடு கணக்கு இருக்கிறது, சிப்பாய் பக்கம் உத்தேசம்தான்.

பிறகு விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. உடுப்பு உத்தரவும், திப்புவின் குடும்பத்தைக் கோட்டையில் வைத்திருந்ததும்தான் காரணங்கள் என்று அறிக்கை கொடுத்தது. மிஷனரி என்ற பேச்சே அதில் காரணமாக வரவில்லை. ஆனால் அதே ஆண்டு டிசம்பர் 3-ஆம் தேதி சென்னை அரசாங்கம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. சிப்பாய்களைக் கட்டாயமாகக் கிறிஸ்தவராக்கப் போகிறார்கள் என்ற வதந்தி பொய், யாருடைய மதத்திலும் கை வைக்க மாட்டோம் என்பது அதன் சாரம். வதந்தி ஊரெல்லாம் பரவாமல் இப்படி ஓர் அறிவிப்பு எதற்கு? பயம் நிஜம், மிஷனரியின் கை இருந்ததற்குத்தான் சான்று இல்லை. நம் குழுவில் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதால் வந்ததுதான் சண்டை. நெற்றியை அழி, தாடியை மழி என்று சொல்லிவிட்டு மதத்தில் தலையிடவில்லை என்றால் எந்தச் சிப்பாய் நம்புவான்!

செய்தி லண்டன் போனது. அங்கே கிளாப்பம் பகுதியில் ஒரு குழு இருந்தது. வில்பர்போர்ஸ், சார்லஸ் கிராண்ட், சக்கரி மெக்காலே முதலானோர். பைபிளை உலகெங்கும் கொண்டுபோவதே கடமை என்று நம்பிய இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்கள். 1807-ல் அடிமை வியாபாரத்தைச் சட்டம் போட்டு நிறுத்தவைத்ததில் இவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அதை மறைத்துவிட்டு எழுதினால் நானும் பார்வர்ட்காரன்தான். கம்பெனிக்குள்ளும் இவர்கள் கை ஓங்கியிருந்தது. கிராண்டும் எட்வர்ட் பாரியும் தலைமைப் பொறுப்பில் இருந்தார்கள்.

எதிர்க்கட்சியில் தாமஸ் ட்வைனிங். டீ வியாபாரக் குடும்பம், வங்காளத்தில் கம்பெனி வேலை பார்த்தவர். வேலூரைச் சுட்டிக்காட்டி, மதத்தில் கை வைத்தால் இந்தியாவே போய்விடும் என்று 1807-ல் துண்டுப் பிரசுரம் எழுதினார். ஸ்காட் வேரிங் என்ற மேஜரும் அதே பாட்டுப் பாடினார். பாப்டிஸ்ட் சபையின் ஆண்ட்ரூ புல்லர் மறுத்துப் புத்தகமே போட்டார். ட்வைனிங் நம் பக்கம் பேசியதாக இன்று சிலர் கொண்டாடுகிறார்கள். அவர் கவலைப்பட்டது ராஜ்ஜியத்துக்கும் வியாபாரத்துக்கும். கசையடி வாங்கிய சிப்பாயின் முதுகுக்காக அல்ல.

கிராண்டைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அவர் வங்காளத்தில் மால்டா என்ற ஊரில் கம்பெனியின் பட்டு உற்பத்தியைப் பார்த்துக்கொண்ட அதிகாரி. 1776-ல் சில நாள் இடைவெளியில் இரண்டு பெண்குழந்தைகளை அம்மைக்குப் பறிகொடுத்து, அந்தத் துக்கத்தில் பக்தியில் இறங்கியவர். ஊர் திரும்பி 1792-ல் இந்தியச் சமுதாயம் பற்றி ஒரு நூல் எழுதினார். இங்குள்ளவர்களிடம் உண்மை இல்லை, நாணயம் இல்லை, இங்கிலீஷும் கிறிஸ்தவமும்தான் மருந்து என்றார். பெரணமல்லூரிலும் ஆரணியிலும் தறி வைத்திருப்பவர்கள் ஒரு நிமிஷம் யோசியுங்கள். சேலை எடுக்கிற முதலாளியின் நோட்டு மட்டும் மிஞ்சி, நெய்தவன் நோட்டு கரையான் அரித்துப் போயிருந்தால், நூறு வருஷம் கழித்துப் படிக்கிறவன் நெசவாளியைப் பற்றி என்ன நினைப்பான்? கிராண்ட் பொய் எழுதினார் என்று நான் சொல்லவில்லை. அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து தெரிந்ததை எழுதினார். அதை நாடு முழுமைக்கும் பொருத்தினார். 1813-ல் பார்லிமென்டே அதை அச்சிட்டது.

அந்த ஆண்டுதான் கம்பெனியின் சாசனம் புதுப்பிக்க வந்தது. மிஷனரிகளுக்கு வழி திறக்க 1793-ல் வில்பர்போர்ஸ் முயன்று தோற்றிருந்தார். இந்த முறை ஊர் ஊராக, சபை சபையாகக் கையெழுத்து வாங்கினார்கள். 800-க்கு மேற்பட்ட மனுக்கள் குவிந்தன. ஜூன் 22-ல் அவர் பார்லிமென்டில் நீண்ட நேரம் பேசினார். அவர் இந்தியாவைக் கண்ணால் பார்த்தவர் அல்ல. கிராண்ட், கிளாடியஸ் புக்கானன் போன்றோர் எழுதியதே அவருக்குக் கண். புக்கானன் வேலூர்ப் புரட்சி நடந்த அடுத்த மாதங்களில் தரங்கம்பாடி, தஞ்சாவூர் என்று நம் பக்கம் சுற்றியவர். ஆனால் அவர் எழுதியதில் லண்டன்காரர் மனதில் தங்கியது பூரித் தேரும் அதன் சக்கரமும்தான். சட்டம் நிறைவேறியது. மிஷனரிகள் அனுமதி பெற்று வரலாம், கல்கத்தாவுக்கு ஒரு பிஷப், கல்விக்கு ஆண்டுக்கு ஒரு லட்ச ரூபாய். நம் பகுதிக்கு 1853-ல் ஸ்கடர் சகோதரர்களின் ஆற்காடு மிஷன் வந்தது. வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகாத குடும்பம் நம்மில் உண்டா?

இவ்வளவு காகிதத்திலும் சிப்பாய் எங்கே? பேன்கோர்ட்டின் மனைவி அமேலியா, அன்றிரவு பிள்ளைகளோடு ஒளிந்திருந்ததை எழுதி வைத்திருக்கிறார். படித்தால் நெஞ்சு பதறும். சிப்பாயின் மனைவி எழுதியது ஒன்றும் நமக்கு இல்லை. சிப்பாய் பேசியது விசாரணையில். கேள்வி வெள்ளைக்காரருடையது. பதில் மொழிபெயர்ப்பாளர் வாய்வழி இங்கிலீஷாகி ஏட்டில் ஏறியது. எதிரே தூக்கோ பீரங்கி வாயோ காத்திருக்கும்போது ஒருவன் "இளவரசர் சொன்னார்" என்றால் அதை எவ்வளவு நம்பலாம்? உத்தரவு போட்டவர்களுக்கு அந்தப் பதில் வசதி. முஸ்தபா பேக் என்ற சிப்பாய் ஜூன் மாதமே போய் எச்சரித்தான். பைத்தியம் என்று கட்டிப் போட்டார்கள். புரட்சிக்குப் பிறகு பரிசு கொடுத்தார்கள். அவன் சொன்னதும் இங்கிலீஷில்தான் மிச்சம்.

சென்னை கவர்னர் பெண்டிங்க் பதவி இழந்து ஊர் போனார். ராணுவத் தலைவர் கிராடக்கும் போனார். 1828-ல் அதே பெண்டிங்க் கவர்னர் ஜெனரலாகத் திரும்பி வந்தார். 1835-ல் அவரிடம் இங்கிலீஷ் கல்விக் குறிப்பை நீட்டியவர் மெக்காலே, கிளாப்பம் சக்கரியின் மகன். அது நாம் எல்லோரும் படித்த பள்ளிக்கூடத்தின் கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.