உயிரிப்பொருள் மேற்பூச்சுகளும் புரதப் படலமும்

செயற்கை மூட்டு, பல் பதியம், இரத்தக் குழாய் போன்றவற்றைச் செய்து உடலுக்குள் பொருத்தப் பயன்படும் உலோகங்கள், பீங்கான்கள், பலபடிகள் ஆகியவை உயிரிப்பொருள்கள் எனப்படும். இவை இரத்தத்தையோ திசுநீரையோ தொட்ட சில நொடிகளிலேயே புரதங்கள் மேற்பரப்பில் படிந்துவிடுவதால், பின்னர் வந்துசேரும் செல்கள் முதலில் எதிர்கொள்வது அப்புரதப் படலத்தையே. மூலக்கூறுகள் உள்ளே ஊடுருவாமல் பரப்பில் மட்டும் ஒட்டும் இந்நிகழ்வு பரப்புக் கவர்தல் எனப்படும். எந்தப் புரதம் எந்த வடிவில் படிய வேண்டும் என்பதை நெறிப்படுத்துவதே மேற்பூச்சின் தலையாய பணி.

இப்படலம் மாறிக்கொண்டே இருப்பது. பிளாஸ்மாவில் மிகுதியாக உள்ள ஆல்புமின் முதலில் படிய, பரப்பின்மீது கூடுதல் பற்றுள்ள ஃபைப்ரினோஜன் போன்றவை அதை வெளியேற்றுகின்றன. கண்ணாடியில் ஃபைப்ரினோஜனையும் கைனினோஜன் என்னும் புரதம் பின்னர் இடம்பெயர்க்கிறது. 1960களில் இதை ஆராய்ந்த, டச்சு மொழிக் கவிஞருமான இரத்தவியலாளர் லியோ விரோமனின் பெயரால் இது விரோமன் விளைவு எனப்படுகிறது.

படிந்த புரதத்தின் அளவைக் காட்டிலும் அதன் வடிவமே முக்கியமானது. நீர்வெறுக்கும் பரப்பில் ஃபைப்ரினோஜன் தன் மடிப்பு குலைந்து விரியும்போது, உள்ளே மறைந்திருந்த பகுதிகள் வெளிப்பட்டு, இரத்தத் தட்டணுக்களும் வெள்ளணுக்களும் அவற்றைப் பற்றுவதால் உறைவும் அழற்சியும் தூண்டப்படுகின்றன. இதைத் தடுக்க, நீரை இறுகப் பிணைத்து வைத்திருக்கும் பாலியெத்திலீன் கிளைக்கால் சங்கிலிகள் நெருக்கமாகப் பூசப்படுகின்றன. எனினும் எல்லாப் புரதங்களையும் விலக்கும் பரப்பில் எலும்புச் செல்லுக்கும் பிடிப்பில்லை. அக்குறையைப் போக்க உதவியது 1984இல் பியர்ஷ்பாகரும் ரூவோஸ்லாட்டியும் ஃபைப்ரோநெக்டின் புரதத்தில் கண்டறிந்த அர்ஜினின், கிளைசின், அஸ்பார்டிக் அமிலம் என்னும் மூவமினோ அமில வரிசையாகும். இண்டெக்ரின் எனும் செல் ஏற்பிகள் பற்றும் இவ்வரிசையை விலக்குப்பூச்சின்மேல் பிணைத்தால் செல் ஒட்டுகிறது. ஆனால் பிணைப்பிடங்களின் இடைவெளி ஏறத்தாழ 70 நானோமீட்டரைத் தாண்டினால் அது சரிவரப் பரவுவதில்லை.

செல் ஒட்டுவதை மட்டுமன்றி, ஒட்டியது கழல்வதையும் மேற்பூச்சால் நெறிப்படுத்தலாம். ஜப்பானில் தெருவோ ஒக்கானோவின் குழுவினர், 32 டிகிரி செல்சியசுக்கு மேல் சுருங்கி நீரை வெளியேற்றியும் அதற்குக் கீழ் நீரேற்று விரிந்தும் நடந்துகொள்ளும் பலபடியொன்றைச் செல் வளர்ப்புத் தட்டுகளில் பூசினர். 37 டிகிரியில் ஒட்டி வளரும் செல்கள், தட்டைக் குளிர்வித்ததும் நொதியின் உதவியின்றி முழுத் தாளாகக் கழன்றுவருகின்றன. அவை சுரந்த பசைப்புரதங்கள் தாளின் அடிப்புறத்திலேயே தங்கிவிடுகின்றன. நோயாளியின் வாய்ச்சளிப் படலச் செல்களைக் கொண்டு இவ்வாறு உருவாக்கி, விழிவெண்படலத்தில் வைக்கப்பட்ட தாள்கள், தையலின்றியே ஒட்டிப் பார்வையை மேம்படுத்தியதை 2004இல் வெளியான ஆய்வறிக்கை பதிவுசெய்துள்ளது.